ஒரு வாய் ஒயின்

நான் ஒயின் குடித்தவன் என்று சொன்னால் மாரண்டஹள்ளியில் இன்றைக்கும் யாரும் நம்பமாட்டார்கள். கள்ளுக்கடைப் பக்கம் தலைவைத்துப் படுக்காதவன் என்று பெயரெடுத்தவன் நான். அந்தப் பெயரைக் காப்பாற்றிக்கொள்ள நான் செய்த காரியத்தைத்தான் இங்கே எழுதப்போகிறேன். எழுதினால் மனசு ஆறும் என்கிறார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஆனாலும் எழுதுகிறேன். அந்த ஒயினைப் பற்றி உருப்படியாகத் தெரிந்துவைத்திருந்தவள் என் மனைவி ஒருத்திதான். அவளுக்கு அதில் ஒரு வாய் கொடுக்கவேண்டிய காலத்தில் நான் கொடுக்கவில்லை.

முப்பதுகளின் நடுவில் பெங்களூர் முதலாளி ஒருவர் எங்கள் ஊருக்கு வெளியே பட்டுநூல் எடுக்கிற கொட்டகை போட்டார். ஓசூர்ப் பக்கமிருந்து பட்டுக்கூடு மூட்டை மூட்டையாக வரும். கொப்பரையில் கொதிக்கிற தண்ணீரில் கூட்டைப் போட்டு, நுனி கண்டுபிடித்து, இழை இழுக்கவேண்டும். எனக்கு அங்கே மேஸ்திரி வேலை. எல்லாருக்கும் மேலே ஓர் இத்தாலிக்காரர் இருந்தார். ஊரில் அவரைப் பட்டுத்தொரை என்பார்கள். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர், குடும்பம் கிடையாது. மைசூர்ச் சீமையில் பல வருஷம் இருந்துவிட்டு வந்ததால் கன்னடம் நன்றாகவே பேசுவார், தமிழ் பாதி பேசுவார், கோபம் வந்தால் தன் பாஷைக்குப் போய்விடுவார். எங்கள் ஊரில் பாதிப்பேர் வீட்டில் கன்னடமோ தெலுங்கோ பேசுகிறவர்கள். அதனால் அவருடைய கலவைப் பேச்சு யாருக்கும் அதிசயமாகப் படவில்லை.

கூடு வேகும்போது உள்ளே இருக்கிற புழுவும் சேர்ந்து வேகும். அந்த நாற்றத்தை என்னால் எழுத்தில் கொண்டுவர முடியாது. செத்த எலியையும் ஊறின தோலையும் ஒன்றாகப் போட்டு அவித்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் மாதம் முழுக்க வாந்தி. இரண்டாம் மாதம் பழகிவிட்டது என்று நினைத்தேன். பழகவில்லை, மூக்குதான் செத்துப்போனது. வீட்டில் பால் தீய்ந்தால் என் மனைவி கொல்லையிலிருந்து ஓடிவருவாள். நான் அடுப்புக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து வெற்றிலை மென்றுகொண்டிருப்பேன். தொரைக்கும் அதே கதிதான். அவர் இருபது வருஷம் அந்த ஆவியில் நின்றவர்.

என் மனைவி இண்டூர்ப் பக்கத்துப் பெண். எங்களுக்குக் குழந்தை இல்லை. அதிகம் பேசமாட்டாள். அவளுடைய மூக்கைப் பற்றி மட்டும் சொல்லவேண்டும். அடுக்குப்பானையின் மூடியைத் திறக்காமலே எந்தப் பானை ராகியில் வண்டு விழுந்திருக்கிறது என்று சொல்லிவிடுவாள். நான் கொட்டகையிலிருந்து வந்தால் கிணற்றடியில் குளித்துவிட்டுத்தான் உள்ளே வரவேண்டும். வந்தபிறகும் காதுமடலில் இன்னும் நாற்றம் இருக்கிறது என்று திருப்பி அனுப்புவாள்.

மதுவிலக்கு வருவதற்கு முந்தின வருஷம் தொரைக்குக் கப்பலில் ஒரு மரப்பெட்டி வந்தது. வைக்கோலுக்குள் பன்னிரண்டு புட்டி ஒயின். அவருடைய அப்பா தன் தோட்டத்துத் திராட்சையில் செய்தது. பரோலோ என்று பெயர். அது அவர்கள் பக்கத்து ஒரு கிராமத்தின் பெயராம். மேலே மலைச்சரிவு முழுக்கத் திராட்சை, கீழே வயல் ஓரமெல்லாம் பட்டுப்புழுவுக்குத் தீனியான முசுக்கொட்டைச் செடி, அதனால்தான் தன் வம்சத்துக்குப் பட்டும் ஒயினும் இரண்டு கை மாதிரி என்பார். மூடுபனி இறங்கும் வரைக்கும் பழத்தைக் கொடியிலேயே விடுவார்களாம். பிழிந்த சாறைத் தோலோடு ஒரு மாதம், சிலசமயம் அதற்கு மேலும் ஊறவைத்து, பிறகு யானையே உள்ளே உட்காரக்கூடிய மரப் பீப்பாயில் வருஷக்கணக்கில் போட்டுவைத்து, அப்புறம் புட்டியில் அடைத்து, மறுபடியும் காத்திருப்பார்களாம். சின்ன வயதில் திறந்தால் அது நம்மோடு சண்டைக்கு வரும் என்றார். எனக்குச் சிரிப்பாக இருந்தது. எங்கள் ஊரில் காலையில் இறக்கின கள் சாயங்காலத்துக்குள் தீர்ந்துவிட்டால்தான் நல்லது.

அவருடைய பங்களாச் சமையல்காரன் ஊரைவிட்டுப் போயிருந்த சமயம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நிம்ம மனெயில் ஊட்டா, உங்கள் வீட்டில் சாப்பாடு, என்று அவராகவே சொன்னார். ஒரு புட்டியும் மூன்று கண்ணாடி டம்ளரும் கொண்டுவந்தார். என் மனைவி தனக்கு நன்றாக வருவதைச் செய்துவைத்திருந்தாள். கருவாடு போட்ட கத்தரிக்காய்ப் புளிக்குழம்பு. ஊரே கேட்டு வாங்கிச் சாப்பிடுகிற குழம்பு அது.

தொரை டம்ளரைச் சாய்த்து என் வெள்ளை வேட்டிக்கு மேலே பிடித்துக் காட்டினார். ரத்தம் மாதிரி கறுத்திருக்கும் என்று எதிர்பார்த்தேன். அப்படி இல்லை. செங்கல் பொடியைக் கரைத்துத் தெளியவிட்டாற்போல், ஓரத்தில் கொஞ்சம் மஞ்சளோடிப்போய், அடியில் இருக்கிற வேட்டிக்கரை தெரிகிற மாதிரி இருந்தது. சாதத்தில் குழம்பைப் பிசைந்து ஒரு வாய் போட்டுக்கொண்டு ஒயினை ஒரு வாய் குடித்தேன். செப்புக்குடத்தை நக்கினதுபோல் இருந்தது. தொரையும் முகத்தைச் சுளித்தார். எனக்கு மானம் போய்விட்டது. அடுப்படிப் பக்கம் பார்த்து, "என்னாத்தடீ ஆக்கி வெச்சிருக்கற, மனுசன் வாயில வெக்கற மாதிரியா இருக்குது?" என்று கத்தினேன்.

உள்ளேயிருந்து அவள் குரல் வந்தது. "அதைக் குடிச்சா வாயி எப்பிடி இருக்குதுங்க?"

"கொட்டப்பாக்கு மென்னாப்புல இழுக்குது."

"புளிப்பு இருக்குதுங்களா?"

"இருக்குது."

"அப்பறம் என்னங்க? அதுலயே புளிப்பு இருக்குது, மேல புளியக் கரைச்சு ஊத்துனா ரெண்டு சக்களத்திய ஒரே வூட்டுல வெச்சாப்புலதான். அந்த டம்ளர இப்பிடிக் குடுங்க, மோந்து பாக்கறேன்."

தொரைக்கு அவள் சொன்னது பாதிதான் புரிந்தது. ஆனால் அவரே எழுந்துபோய் டம்ளரை நிலைப்படிக்கு அந்தப்புறம் நீட்டினார். அவள் முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு இரண்டு கையாலும் வாங்கினாள். கண்ணை மூடி ரொம்ப நேரம் மோந்தாள். "காஞ்ச ரோசாப்பூவுங்க. கலியாண மாலைய பொட்டியில போட்டு வெச்சு மறுவருசம் தொறந்தா வருமே, அது. அப்பறம் ரயில் கட்டைக்குப் பூசற தாரு. கிட்டத்துல இல்லீங்க, தூரத்துல இருந்து வர்றாப்புல." இதை நான் தொரைக்குக் கன்னடத்தில் சொன்னேன். அவர் சாப்பாட்டை விட்டுவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். அவருடைய அப்பா அந்த ஒயினைப் பற்றிச் சொல்கிற வார்த்தையும் இந்த இரண்டும்தானாம். இருபது வருஷமாகத் தன் மூக்குக்கு அது எட்டவில்லை என்று சொல்லிவிட்டு, நிலைப்படிப் பக்கம் திரும்பி, "அம்மா, தேங்க்ஸ்" என்றார்.

அன்றிலிருந்து ஒரு வழக்கம் ஏற்பட்டது. புட்டி திறக்கப்போகிற ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தின நாளே அது எங்கள் வீட்டுக்கு வந்துவிடும். அடியில் மண்டி இருக்கும் என்பதால் நிறுத்திவைக்கவேண்டும். தண்ணீர்ப்பானைகளுக்கு அடியில் ஈரமணல் கொட்டி வைத்திருப்போம், அதில் அவள் புட்டியைப் பாதி புதைத்து நிறுத்துவாள். வெயில் காலத்திலும் அங்கே குளுமையாக இருக்கும். காலையில் தொரை வந்து திறந்துகொடுத்துவிட்டுக் கொட்டகைக்குப் போவார். அது காற்றுப்பட்டு, சோம்பல் முறித்து எழுந்திருக்க மத்தியானம் ஆகும். பருப்புத்தண்ணீரைத் தெளிய இறுக்கிற கையால் அவள் அதை மண்டி கலங்காமல் ஒரு மண்கூஜாவில் இறுத்துவைப்பாள். அப்புறம் மோந்து பார்த்துப் பார்த்துத்தான் சமையல் செய்வாள்.

இரண்டாவது புட்டிக்கு வெள்ளாட்டுக்கறி எடுத்தாள். புளி கிடையாது, மிளகாய் பேருக்கு இரண்டு. கொத்தமல்லி விதையும் மிளகும் அரைத்து, சின்ன வெங்காயம் நிறையப் போட்டு, மண்சட்டியில் நெஞ்செலும்புக் கொழுப்பு கரைகிற வரைக்கும் காலையிலிருந்து வேகவிட்டாள். கூட ராகிக் களி. துவர்ப்புக்குக் கொழுப்புதான் துணை என்பது அவளுடைய கணக்கு. "கறிசோறு தின்னுட்டு எதுக்குங்க பாக்குப் போடறோம்? வாயில ஒட்டுன கொழுப்பு போறதுக்குத்தான. இது சாப்படறப்பவே அந்த வேலையச் செய்யுது" என்றாள். நான் ஒரு கவளம் களியைக் கறிச்சாற்றில் தொட்டு விழுங்கிவிட்டு ஒரு வாய் குடித்தேன். போனதடவை என்னோடு மல்லுக்கு நின்ற அதே ஒயின் இப்போது கறியின் கொழுப்பைத் துடைத்துவிட்டு, அடுத்த கவளத்துக்கு வாயைத் தயார் செய்து வைத்தது. கறியும் முன்பைவிட இனித்தது. வாசனை தெரியாத எனக்கே அவ்வளவு தெரிந்தது என்றால், தெரிந்தவளுக்கு எவ்வளவு தெரிந்திருக்கும் என்று அன்றைக்கு நான் யோசிக்கவில்லை.

தொரை யோசித்தார். மூன்றாவது டம்ளரில் ஊற்றி, "இது அம்மாவுக்கு" என்றார். நான் அவர் கையைத் தடுத்து, "எங்க வூட்டுப் பொம்பளைங்க குடிக்கறதில்லீங்க" என்றேன். அவர் அடுப்படியைப் பார்த்தார். தன் ஊர் வீட்டில் தாயார்தான் முதல் டம்ளர் குடித்துச் சரியாக இருக்கிறதா என்று சொல்வார் என்று ஏதோ முனகினார். நான் பேச்சை மாற்றினேன். அந்த டம்ளரையும் நானே குடித்தேன்.

எங்கள் பக்கத்தில் ஆண்கள் சாப்பிட்டு எழுந்தபிறகுதான் பெண்கள் இலைமுன் உட்காருவார்கள். நான் சாப்பிட்ட இலையில்தான் அவள் சாப்பிடுவாள். நாங்கள் எழுந்திருக்கும்போது கூஜாவில் மண்டி மட்டும் கிடக்கும். ஆக, அந்த ஒயினுக்காகவே பார்த்துப் பார்த்துச் செய்த சாப்பாட்டை அது இல்லாமல்தான் அவள் தின்றாள், ஒவ்வொரு தடவையும். காலையெல்லாம் திறந்த புட்டியோடு அடுப்படியில் தனியாக இருந்தவள் அவள். நினைத்திருந்தால் ஒரு வாய் குடித்திருக்கலாம், யாருக்குத் தெரியப்போகிறது? குடிக்கவில்லை. கேட்காமல் எடுக்கிற பழக்கம் அவளுக்குக் கிடையாது.

ஒரே ஒரு தடவை கேட்டாள். நாலாவது புட்டியோ ஐந்தாவதோ. தொரை போனபிறகு டம்ளர்களைக் கழுவ எடுத்துக்கொண்டே, "ஏனுங்க, அடுத்த தடவை நானும் ஒரு வாயி குடிச்சுப் பாக்கட்டுங்களா? ஆக்கறதுக்கு இன்னும் தோதா இருக்கும்" என்றாள். ருசிக்காக என்று கேட்கக்கூட அவளுக்குத் தைரியம் இல்லை, சமையலுக்காக என்று கேட்டாள். நான் என்ன சொன்னேன் என்பதை எழுதக் கை கூசுகிறது. "ஏன், கள்ளுக்கடைக்கே போயி உக்காந்துக்கறது?" என்றேன். அவள் டம்ளர்களை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போய்விட்டாள். அதற்கப்புறம் கேட்கவே இல்லை. கோபித்துக்கொண்டிருந்தாலாவது எனக்குப் புத்தி வந்திருக்கும். மறுநாளும் எப்போதும்போலத்தான் இருந்தாள்.

மறுவருஷம் எங்கள் சேலம் ஜில்லாவில் மதுவிலக்கு வந்தது. மற்ற ஜில்லாக்களுக்கு முன்னால் எங்களுக்குத்தான். தொரைக்குப் பெர்மிட் உண்டு, எனக்குக் கிடையாது. ஊர்க்கூட்டத்தில் முன்வரிசையில் நின்று, குடி குடியைக் கெடுக்கும் என்று நானும் நாலு வார்த்தை பேசினேன். ஞாயிற்றுக்கிழமை கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு குடித்தேன். ஊருக்கு உபதேசம், உனக்கில்லை என்பார்களே, அதற்கு வேறு உதாரணம் தேடவேண்டாம்.

ஒரு புரட்டாசி ஞாயிற்றுக்கிழமை மறக்கமுடியாதது. அந்த மாதம் எங்கள் வீட்டில் கவிச்சி ஆக்கமாட்டோம். தொரைக்கோ அது அப்பாவின் பிறந்தநாள், புட்டியைத் திறந்தே ஆகவேண்டும். கறி இல்லாமல் இதற்கு என்ன செய்வாய் என்று நான் கிண்டல் செய்தேன். அதற்கு முந்தின நாள்தான் மழை பெய்திருந்தது. அவள் விடியற்காலையிலேயே போய் புற்றுக்குப் பக்கத்தில் முளைத்த காளான் ஒரு மடி பறித்துவந்தாள். வெண்ணெயில் வதக்கி, மிளகும் உப்பும் மட்டும் தூவினாள். கூடக் கொள்ளுக்கடையல், அதிலும் புளி இல்லை. தொரை இலைக்கு மேலே குனிந்தவர் நிமிரவே இல்லை. ஒயினைக் குடித்தார், காளானைத் தின்றார், மறுபடி குடித்தார். அவர்கள் ஊரில் மண்ணுக்குள் விளைகிற ஒரு காளானை நாயை விட்டு மோப்பம் பிடித்துத் தோண்டி எடுப்பார்களாம். அதையும் இந்த ஒயினையும் சேர்த்துச் சாப்பிடுவதுதான் அங்கே குளிர்காலமாம். மூக்கு செத்தவருக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். தெரியவில்லை, ஆனால் நாக்குக்குப் பின்னால் எங்கேயோ ஞாபகம் வருகிறது என்றார். பெரிய மனிதர், வாயில் காளானை வைத்துக்கொண்டு அழுதார். அடுப்படியில் அவளும் அழுதாள். நான் மட்டும்தான் நன்றாகச் சாப்பிட்டேன்.

ஐரோப்பாவில் சண்டை ஆரம்பித்தது. இத்தாலி எதிரிப்பக்கம் சேர்ந்த ஓரிரு நாளில் தொரையைக் காவலில் எடுக்கத் தர்மபுரியிலிருந்து போலீஸ் இன்ஸ்பெக்டர் வந்தார். மரியாதையாகத்தான் பேசினார். துணிமணி எடுத்துக்கொள்ள அரைநாள் கொடுத்தார். தொரை அந்த அரைநாளில் எங்கள் வீட்டுக்கு வந்தார், ஒரு கான்ஸ்டேபிள் தெருவில் நின்றார். கையில் துணி சுற்றின கடைசிப் புட்டி. என்னிடம் கொடுக்கவில்லை. நேராக அடுப்படி நிலைப்படி வரைக்கும் போய் அவள் கையில் கொடுத்தார். "அம்மா, இது நிமகே" என்றார். உங்களுக்குத்தான் என்று அர்த்தம். பிறகு என்னைப் பார்த்து, "உனக்கு பேடா, வேண்டாம், அம்மா குடிக்கணும். என்ன சொன்னாள் என்று நான் வந்ததும் சொல்லு" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார், ஆனால் கண் சிரிக்கவில்லை. தர்மபுரிக்குப் போகிற சின்ன ரயிலில் அவரை ஏற்றிக்கொண்டு போனார்கள். மறுவருஷம் அந்த ரயிலையே நிறுத்தி, தண்டவாளத்தையும் பெயர்த்தெடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

அவள் புட்டியைப் பார்த்துக்கொண்டே நின்றாள். என்னை ஒருதடவை நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வையின் அர்த்தம் எனக்கு நன்றாகத் தெரிந்தது. இனிமேல் நான் மறுக்க முடியாது என்பதும் தெரிந்தது. அதனால் தள்ளிப்போட்டேன். "வருசம் ஏற ஏறத்தான் இதுக்கு ருசின்னு தொரையே சொல்லியிருக்காரு. சண்ட முடிஞ்சு அவரு வரட்டும், மூணுபேருமா உக்காந்து குடிக்கலாம்" என்றேன். "சரிங்க" என்றாள். போலீஸ் பயம் வேறு எனக்கு. புட்டியை ராகிக் குதிருக்குள் ஆழத்தில் படுக்கவைத்துப் புதைத்தேன். ராகி அளக்கப் போகும்போதெல்லாம் அவள் கை அதில் பட்டிருக்கும்.

கொட்டகை நிற்கவில்லை. பாராசூட்டுக்குப் பட்டு வேண்டும் என்று வேலை முன்பைவிட அதிகமானது. எனக்கு வீட்டுக்கு வரவே நேரம் இல்லை. அப்படி இருக்கும்போதுதான், தொரை போய் இரண்டு வருஷம் கழித்து, அவள் காய்ச்சலில் விழுந்தாள். முதலில் சாதாரணக் காய்ச்சல் என்றோம். பத்து நாள் தாண்டியும் இறங்காதபோது பாலக்கோட்டு டாக்டரை வண்டி வைத்துக் கூட்டிவந்தேன். டைபாய்டு என்றார். அரிசிக்கஞ்சித் தெளிவைத் தவிர ஒன்றும் கூடாது என்றார். மூன்றாவது வாரம் காய்ச்சல் கொஞ்சம் தணிந்தது, ஆனால் உடம்பில் எலும்பைத் தவிர ஒன்றும் மிஞ்சவில்லை. டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, நாடி ரொம்பத் தளர்ந்திருக்கிறது, வேறு ஜில்லாவாக இருந்தால் தெம்புக்குக் கொஞ்சம் பிராந்தி கொடுக்கச் சொல்வேன், திராட்சை ஒயின் என்றாலும் பரவாயில்லை, இங்கே எங்கே போவது என்றார்.

அன்றைக்குத்தான் குதிருக்குள் கையை விட்டேன். ருசிக்குக் கேட்டபோது கொடுக்காதவன், மருந்து என்றதும் தோள் வரைக்கும் ராகிக்குள் விட்டுத் துழாவினேன். மருந்து என்றால் யாருக்கும் பதில் சொல்லிவிடலாம் அல்லவா?

படுக்கையிலிருந்தே அவள் எனக்கு ஒவ்வொன்றாகச் சொன்னாள். "ஆட்டாதீங்க, ஒருநாளு மணல்ல நிக்கட்டும். காத்தாலயே தொறந்துருங்க." தொரை தக்கையைத் திருகி எடுக்கிற திருகாணி என்னிடம் இல்லை. கொட்டகைக் கொக்கியால் குத்தித் தக்கையை உதிர்த்தேன், பாதி உள்ளேயே விழுந்துவிட்டது. இறுக்கும்போது கைப்பழக்கம் இல்லாமல் மண்டியும் கொஞ்சம் கலந்துவிட்டது. அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். "வெறும் வயித்துல குடிக்கக்கூடாதுங்க அது" என்றாள். அதனால் நான் கறி எடுத்துவந்து, வாழ்க்கையில் முதல்தடவையாக அடுப்பு மூட்டி, அவள் சொல்லச் சொல்லச் சமைத்தேன். அவளால் தின்ன முடியாது என்று இரண்டு பேருக்கும் தெரியும். சாற்றில் ஒரு துளி நாக்கில் தடவினேன். பின்னால் தலையணை வைத்து நிமிர்த்தி உட்காரவைத்தேன். நல்ல வெளிச்சமான மத்தியானம். டம்ளரை அவள் மூக்குக்குக் கிட்டத்தில் பிடித்தேன்.

மோந்தாள். கண்ணை மூடி மறுபடி மோந்தாள். நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஒன்னுமே தெரியலீங்க" என்றாள். "தண்ணியாட்டம் இருக்குது."

காய்ச்சல் அவள் மூக்கைக் கொண்டுபோயிருந்தது. அவளுடைய மூக்கை. குடித்துப் பார் என்றேன். ஒரு வாய் குடித்தாள். விழுங்கச் சிரமப்பட்டாள். உதட்டை ஒன்றோடொன்று ஒட்டிப் பார்த்துவிட்டு, "வாயி இழுக்குதுங்க. அவ்வளவுதான் தெரியுது" என்றாள். பிறகு டம்ளரை என் பக்கம் தள்ளினாள். "நீங்க குடிங்க. குடிச்சுட்டு எப்பிடி இருக்குதுன்னு சொல்லுங்க, கேக்கறேன்."

குடித்தேன். "நல்லா இருக்குது" என்றேன்.

"நல்லா இருக்குதுன்னா? எப்பிடி நல்லா இருக்குது?"

என் வாயில் துவர்ப்பும் புளிப்பும் இருந்தன, அதற்குமேல் ஒன்றும் இல்லை. அவள் ஆவலோடு என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். "காஞ்ச ரோசாப்பூவாட்டம்" என்றேன். "தூரத்துல தாரு காச்சறாப்புல."

அவள் லேசாகச் சிரித்தாள். "அது நான் சொன்னதுங்க. அது மொத புட்டி. இது எப்பிடி இருக்குதுங்க?"

எனக்குத் தெரியவில்லை. பதினோரு புட்டி குடித்தவன், பன்னிரண்டாவதைப் பற்றிச் சொல்ல என்னிடம் சொந்தமாக ஒரு வார்த்தை இல்லை. தெரியலை புள்ள என்று சொல்லிவிட்டு அழுதேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, எனக்கு ஆறுதல் சொல்கிற மாதிரி, "மிச்சத்த மூடி வையுங்க. நாக்கு வரட்டும், நானே குடிச்சுட்டுச் சொல்றேன்" என்றாள். ஒரு துணியைச் சுருட்டி அடைத்து, தண்ணீர்ப்பானைக்குக் கீழே வைத்தேன். நாலாம் நாள் காலையில் அவள் போய்விட்டாள்.

காரியத்தன்று இரண்டு ஊர் உறவும் வந்திருந்தது. போனவர்களுக்குப் பிடித்ததையெல்லாம் ஆக்கி இலையில் படைப்பது எங்கள் வழக்கம். என் மாமியார் இண்டூரிலிருந்தே கச்சாயமும் எள்ளுருண்டையும் செய்து எடுத்துவந்திருந்தார். புதுப்புடவை வைத்தார்கள், வெற்றிலை பாக்கு வைத்தார்கள், அவள் கையால் ஊரெல்லாம் சாப்பிட்ட புளிக்குழம்பையும் யாரோ ஆக்கி வைத்தார்கள். நான் நின்ற இடத்திலிருந்து தண்ணீர்ப்பானை தெரிந்தது. அதற்குக் கீழே ஈரமணலில் புட்டி இருந்தது. ஊர்ப் பெரியவர்கள் எல்லாரும் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள், மதுவிலக்குக் கூட்டத்தில் என்னோடு முன்வரிசையில் நின்றவர்கள்.

சூடம் ஏற்றப்போகும்போது மாமியார் என் பக்கம் திரும்பினார். பெற்றவள் மனசு, ஏதாவது குறைந்துவிடப்போகிறது என்ற பயம் அவருக்கு. "மாப்ள, நீங்கதான் கூட இருந்தவரு. அவ ஆசப்பட்டது எதுனா விட்டுப்போச்சுங்களா?" என்று கேட்டார்.

"ஒன்னும் இல்லீங்க அத்தை, எல்லாம் வெச்சாச்சு" என்றேன்.